பழைய காமிராவும் புதிய கடனும்

நமது சங்கத்திற்கு நகையீட்டுக் கடன் நாடி வருகிறவர்களில் பெரும்பாலோர் விதைக்கும் உரத்திற்கும் நூலுக்குமே பணம் கேட்பது வழக்கம். புரட்டாசி பிறந்து கரிசல் மழையை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் அந்தக் கூட்டத்தைச் சொல்லி முடியாது. அவ்வாறான ஒரு நாளில் புதூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். அவர் தகப்பனார் நமது அங்கத்தினர். மானாவாரியில் உளுந்தும் மல்லியும் வத்தலும் போடுகிறவர். தம்பி ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கையில் ஒரு சங்கிலி, தாயாருடையது.

"அண்ணாச்சி, காமிராவை மாத்தலாமான்னு பாக்கேன். பழசு இனி செல்லாதுன்னு சொல்லுதாங்க" என்றார்.

காரியாலயத்திலே காமிரா சம்பந்தமான யோசனையை என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நெசவாளர் சகோதரர்களின் சேலைகளையும் வேஷ்டிகளையும் விற்பனைக்காகப் படம் பிடிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடமே இருந்து வருகிறது. அதற்கு நான் கையாளுவது நிக்கான் டி7000. தம்பியிடம் இருப்பதும் அதே மாடல்தான். 2010-இல் வெளிவந்தது அது. அவர் வாங்க விரும்பியது 2017-இல் வெளிவந்த டி7500.

காமிராவின் பெயரைக் கேட்டதும் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்து வந்ததை மூத்த அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று அந்தத் தொழிற்சாலை இல்லை. அமெரிக்காவில் கோடாக் கம்பெனியின் எஞ்சினியர் ஸ்டீவன் சாசன் 1975-இலேயே பிலிம் இல்லாத காமிராவைச் செய்து காட்டினார். 100 புள்ளி நீளமும் 100 புள்ளி அகலமும் கொண்ட படம் அது. அதை டேப்பில் பதிய 23 வினாடி ஆயிற்று. அதைக் கண்டுபிடித்த கோடாக்கே 2012-இல் திவால் மனுச் செய்துகொண்டது. ஆகையால், "பழசு செல்லாது" என்ற பயம் ஆதாரமற்றதென்று நான் சொல்லவில்லை. ஆனால் எது எப்போது செல்லாமற் போகிறது என்பதைத் தனித்தனியே எடைபோட வேண்டும்.

முதலில் புள்ளிக் கணக்கைப் பார்த்தோம். டி7000-இன் படம் 4928 புள்ளி நீளமும் 3264 புள்ளி அகலமும் உடையது. டி7500-இன் படம் 5568-க்கு 3712. அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் நேர்த்தியாக அச்சிட்டால் முன்னது ஏறக்குறைய 16½ அங்குல நீளம் வரும். பின்னது 18½ அங்குலம். கலியாண ஆல்பத்திற்கு இந்த இரண்டு அங்குலத்தால் என்ன பிரயோஜனம்? பந்தல் வாசலில் கட்டும் பெரிய பிளெக்ஸ் பலகையோ பத்தடி தள்ளி நின்று பார்க்கப்படுவது. அதற்குப் பழைய படமே தாராளம். வாடிக்கைக்காரர்கள் படத்தைப் பார்ப்பது பெரும்பாலும் கைப்பேசியில்தான் என்பதைத் தம்பியே ஒப்புக்கொண்டார்.

புதிய மாடலின் மேன்மைகளையும் மறைக்கக் கூடாது. மங்கிய வெளிச்சத்தில் அது படத்தைத் தெளிவாக எடுக்கும். பழையதின் ஐ.எஸ்.ஓ. நீட்டிப்பின்றி 6400 வரை. புதியது 51,200 வரை செல்லும். கடைசி எண்வரை போய்ப் படமெடுக்கிறவர் யாருமில்லை. ஆயினும் 3200-க்கு மேல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். வெளிச்சம் குறைந்த மண்டபத்திலும், பிளாஷ் அடிக்க விடாத கோயில் உட்பிராகாரத்திலும் அது பெரிய அனுகூலம். குவியப் புள்ளிகள் 39-இலிருந்து 51 ஆகின்றன. வினாடிக்கு 6 படம் என்பது 8 ஆகிறது. திரையைச் சாய்த்துக்கொள்ளலாம், கொடையில் கூட்டத்துக்கு மேலே காமிராவைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் நான் தயங்கியதற்குக் காரணம், புதியதில் இல்லாத ஒன்று பழையதில் இருப்பதுதான். டி7000-இல் கார்டு போட இரண்டு துவாரங்கள் உண்டு. ஒரே படத்தை இரண்டிலும் ஒருங்கே பதியச் செய்யலாம். டி7500-இல் ஒன்றே ஒன்று. எனது உறவினர் வீட்டுக் கலியாணம் ஒன்றில் தாலி கட்டி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கார்டு செத்துப்போயிற்று. கம்ப்யூட்டரில் செருகினால் வெறுமை. இரண்டாவது கார்டு இல்லாதிருந்தால் அந்த வீட்டாரின் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். ஊர்க் கலியாணங்களையே நம்பிப் பிழைக்கிறவர் இதை அற்பமென்று தள்ளலாமா? போதாக்குறைக்கு, பிலிம் காலத்துக் கைக்குவிய லென்ஸ்களை டி7000-இல் பொருத்தினால் வெளிச்சத்தை அளந்து சொல்லும். டி7500 அந்த வேலையைச் செய்யாது.

நெசவாளர் சகோதரர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று. நெருக்கமான இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டுச் சற்றுத் திருப்பினால், இரண்டிலும் இல்லாத அலை வரிகள் தோன்றும். கைத்தறித் துணியும் பாவும் ஊடையும் கூடிய ஒரு வலைதான். காமிராவின் உட்தகட்டில் புள்ளிகள் அணிவகுத்திருப்பதும் ஒரு வலை. இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது, சேலையிலே இல்லாத வானவில் கோடுகள் படத்திலே விழுந்துவிடும். மோயரே என்று அதற்குப் பெயர். அதைத் தணிப்பதற்காகத் தகட்டின் முன்னே படத்தை இம்மியளவு மங்கச் செய்யும் ஒரு வடிகட்டியை வைப்பது பழைய வழக்கம்; டி7000-இல் அது இருக்கிறது. கூர்மை வேண்டி நிக்கான் கம்பெனியார் 2013-இல் வந்த டி7100-இல் அதை நீக்கினார்கள், டி7500-இலும் இல்லை. மலையையும் மனிதரையும் படமெடுக்க அது நல்லதே. மெல்லிய நூல் வேஷ்டிக்கோ பழையதே உத்தமம் என்று அபிப்பிராயப்படுகிறேன். புதியதை வைத்திருப்பவர் துணியிலிருந்து ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்து பார்க்கலாம்; கோணத்தை மாற்றலாம்; லென்ஸின் வாயை எப் 16 வரை சுருக்கினாலும் கோடுகள் குறையும்.

சேலை "படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம்" என்று திரும்பி வருவதற்கும் காமிராவின் வயது காரணமல்ல. ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்த இடத்தில் எடுத்தால் எந்தக் காமிராவும் அரக்கைச் சிவப்பாக்கும். விளக்கை அணைத்துவிட்டு வடக்கு ஜன்னலருகே துணியை விரித்து, சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து வெண்மையைச் சரிப்படுத்திக்கொண்டால் போதும். வெள்ளை வேஷ்டியைக் காமிரா தன்னிஷ்டத்துக்கு விட்டால் சாம்பலாக்கும். ஒன்று முதல் ஒன்றரைப் படி வெளிச்சம் கூட்ட வேண்டும். அட்டைக்கு ஆகும் செலவைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

பிறகு அந்தப் பெரிய கேள்வி. கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். காமிராவுக்கே எதிர்காலம் உண்டா? நிக்கான் கம்பெனியார் 2018-இல் கண்ணாடியில்லாத இஸட் வரிசையைத் தொடங்கினார்கள். 2020-இல் டி780, டி6 என்ற இரண்டையும் வெளியிட்டபின் வேறு புதிய எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை. ஆகவே கடன் வாங்கி டி7500-க்கு மாறுகிறவர், முடிந்துபோன சாலையில் இன்னும் ஒரு பர்லாங் நடக்கிறவர் ஆகிறார். வீடியோவே பிரதானமென்றால் நேரே இஸட் வரிசைக்குப் போவது மேல். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல்: தம்பியிடமுள்ள 50 மில்லிமீட்டர் டி ரக லென்ஸ் காமிராவிலுள்ள மோட்டாரால் இயங்குவது. நிக்கான் கம்பெனியாரின் இணைப்பு வளையம் போட்டு இஸட் காமிராவில் மாட்டினாலும் தானாகக் குவியாது. கையால் திருப்பித்தான் ஆக வேண்டும். ஓடி வரும் மாப்பிள்ளையை அப்படி எடுக்க முடியுமோ!

"உன் காமிரா எத்தனை முறை சொடுக்கியிருக்கிறது?" என்று கேட்டேன். அவர் பார்த்ததில்லை. படத்தோடு பதிந்திருக்கும் குறிப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம், 92,000 சொச்சம். அதன் ஷட்டர் 1,50,000 சொடுக்குகளுக்குச் சோதிக்கப்பட்டது. படங்களில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்த கரும்புள்ளிகளைக் காட்டி, "இதனாலதான் மாத்தணும்னு நெனச்சேன்" என்றார். அது காமிராவின் கோளாறன்று. நமது கரிசல் தூசி. அறுவடைக் களத்திற்குப் பக்கத்தில் நின்று லென்ஸைக் கழற்றினால் வேறென்ன நடக்கும்? வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்ற வேண்டும். படிந்ததைத் தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைக்க வேண்டும்.

கடைசியாகக் காகிதத்தில் கணக்குப் போட்டோம். வித்தியாசத் தொகை 50,000 ரூபாய் என்றும், நூற்றுக்கு 9 வட்டி என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு வட்டி மட்டும் 4,500 ரூபாய். "பழைய காமிராவினால் நீ இழந்த கலியாணங்கள் சென்ற ஆண்டு எத்தனை?" என்றேன். வெகுநேரம் யோசித்து, "ஒண்ணு. அதுவும் வீடியோ கேட்டாங்க" என்றார். படம் நன்றாயில்லையென்று யாரும் சொன்னதில்லையாம். மண்டபத்து இருட்டைப் பற்றி மட்டும் மறுபடியும் குறைப்பட்டார். அது நியாயமான குறை. பிளாஷ் ஒன்றும் குடை ஒன்றும் வாங்கினால் பெரும்பகுதி தீரும், கோயிலுக்குள் தீராது.

தம்பி அன்றைக்குக் கடன் மனுவை எழுதவில்லை. தை மாதம் முதல் வைகாசி வரை வருகிற முகூர்த்தங்களில் எத்தனை பேர் வீடியோ கேட்கிறார்கள், எத்தனை பேர் அதற்காகவே வேறிடம் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பதாகவும், அதை எடுத்துக்கொண்டு ஆனியில் வருவதாகவும் சொன்னார். சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விளாத்திகுளம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.