சீசனுக்கு முன் படகைப் பாருங்கள்

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்ததும் கிழக்குக் கரையில் உல்லாசப் படகுத் தொழில் மீண்டும் சூடுபிடிக்கிறது. அறுகம்பை, பாசிக்குடா, நிலாவெளி ஆகிய இடங்களில் மே முதல் செப்டெம்பர் வரையான ஐந்து மாதங்களே பிரதான பருவகாலமாகும். ஆண்டு வருமானத்தின் பெரும் பங்கை இந்நாட்களிலேயே தேடிக்கொள்ள வேண்டும். எனினும், மாதக்கணக்கில் கரையில் கிடந்த படகைக் கழுவி, வர்ணம் பூசி, நேரே கடலில் இறக்குவோர் உள்ளனர். இதில் மிச்சமாகும் பணத்தைவிட ஏற்படும் நட்டமே அதிகம்.

முதலில் படகின் உடலைக் கவனியுங்கள். ஃபைபர் படகின் அடிப்பாகத்தையும், என்ஜின் பூட்டப்படும் பின்பலகையையும் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால் உள்ளே நீர் இறங்கியிருக்கலாம். வர்ணம் அதனை மறைக்குமே தவிர திருத்தாது. நீர் வடியும் துவாரத்தின் மூடியையும் அதன் ரப்பர் வளையத்தையும் பாருங்கள்.

அடுத்தது என்ஜின். பல மாதங்கள் தேங்கிய பெற்றோல் பசைபோல் படிந்து காபரேட்டரை அடைத்துவிடும். அதனை அகற்றிப் புதியதை நிரப்புங்கள். வெடித்த எரிபொருள் குழாயை மாற்றுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. படகின் அடியில் தங்கி ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். கியர் ஒயிலைச் சிறிதளவு வடித்துப் பாருங்கள். அது பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. சீல்களை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

என்ஜினை நீரின்றி ஒருபோதும் இயக்காதீர்கள். குளிரூட்டும் நீர்ப் பம்பியின் ரப்பர் சக்கரம் விரைவில் கருகிவிடும். நன்னீர்ப் பீப்பாயில் இறக்கி இயக்கி, பக்கத் துவாரத்தால் நீர் சீராகப் பீச்சுகிறதா எனப் பாருங்கள். அச்சக்கரம் ஒரு சிறு உதிரிப்பாகம்தான். அது பழுதடைந்தால் என்ஜின் சூடேறி, பயணிகளுடன் நடுக்கடலில் நிற்க நேரிடும். அன்றைய வருமானத்துடன் உங்கள் நற்பெயரும் போய்விடும்.

உயிர்காப்பு அங்கிகளை எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது. பட்டியும் பூட்டும் உறுதியானவையா, சிறுவர்களுக்கு ஏற்ற அளவுகள் உள்ளனவா என்று பாருங்கள். 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பயணிகள் படகு கவிழ்ந்து, பாடசாலை சென்ற சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். கரைக்கு அருகிலுள்ள நீரிலும் ஆபத்து உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

இறுதியாக, பயணிகளின்றி ஒரு வெள்ளோட்டம் விடுங்கள். மாற்றிய பாகங்களையும் திகதியையும் படகுக்கு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அது உங்களுக்கு வழிகாட்டும்; படகை விற்கும்போது வாங்குபவருக்கு நம்பிக்கையும் தரும். இவை அனைத்தையும் முடித்த பின்னரே முதல் முற்பதிவை ஏற்றுக்கொள்ளுங்கள்.