சொல்லாமல் விட்ட மாத்திரை

முன்னிருப்பு தவறாக எழுதப்பட்ட கணக்கில், பின்வரும் பக்கங்களை எவ்வளவு கவனமாகக் கூட்டினாலும் இறுதித் தொகை சரியாக வராது. வங்கிப் பணியில் நான் முதலில் கற்ற இந்தப் பாடத்தை, மருத்துவமனை வார்டு ஒன்றில் மீண்டும் கற்க நேர்ந்தது.

பணிமாற்றம் பெற்று நாக்பூருக்கு வந்தபோது, எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் உடன் வந்தார். நெடுநாளைய முழங்கால் வலி முற்றியதால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்வதென முடிவாயிற்று. அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள் யாவை என மயக்க மருத்துவர் இந்தியில் வினவினார். நான் தமிழில் கேட்டேன். "சர்க்கரைக்கும் பிரஷருக்கும்தான்" என்றார் அம்மா. அதையே மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மறுநாள் இரவு வலி அடங்கவில்லை. வியர்வையும் நடுக்கமும் உறக்கமின்மையும் சேர்ந்துகொண்டன. விடியற்காலையில் அம்மா தயக்கத்துடன், "என் மஞ்சப்பையில ஒரு மாத்திரை அட்டை இருக்கு, எடுத்துக் குடுப்பா" என்றார். டிரமடாலும் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரை. மூன்று ஆண்டுகளாக நாளொன்றுக்கு மூன்று. "நீ கவலைப்படுவேன்னுதான் சொல்லல" என்றார்.

மயக்க மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. டிரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளும் உடல் அவற்றுக்குப் பழகிவிடுகிறது. அதனால் மற்றவர்களுக்குப் போதுமான அளவு இவர்களுக்குப் போதாது. பழகிய மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடல் தத்தளிக்கும். "இது போதைப் பழக்கமன்று, மருந்துக்கு உடல் பழகியதன் விளைவு" என்று விளக்கினார். முதலில் பழைய அளவை மீண்டும் தொடங்கி, அறுவை வலிக்கான மருந்தைத் தனியே கணக்கிட்டுச் சேர்த்தார். அன்றிரவு அம்மா உறங்கினார்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பது நாட்பட்ட வலி எனப்படும். அத்தகைய வலியுடையோர் அறுவை சிகிச்சைக்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவதாக, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை, நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, மது ஆகியவற்றையும் மறைக்காதீர்கள். ஓபியாய்டுடன் தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் சுவாசமே மந்தமாகக்கூடும். ஃபென்டனில் பட்டையின்மீது வெப்பம் பட்டால் மருந்து அளவுக்கு மீறி உடலில் ஏறும்.

இரண்டாவதாக, எதையும் தாமாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். ஓபியாய்டுகளையும் பிரிகபாலினையும் திடீரென நிறுத்தலாகாது. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்தப்போக்கை அதிகரிக்கக்கூடும். எனவே சிலவற்றை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். எதை, எந்த நாளில் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியை வரி வரியாகப் படியுங்கள். எவை பழைய மருந்துகள், எவை புதியவை, புதியவற்றை எப்போது, யார் குறைப்பார் எனக் கேளுங்கள். பல வலி மாத்திரைகளில் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்பதே அதன் உச்ச வரம்பு. முதியோருக்கும் கல்லீரல் நோயுற்றோருக்கும் அதனினும் குறைவு.

சட்டத்திற்கு அஞ்சி மருந்தை மறைப்போரும் உண்டு. போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1985ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2018இல் டிரமடாலும் அதன் வரம்புக்குள் வந்தது. ஆயினும், நோயாளிகளுக்கு மார்ஃபின் முதலிய இன்றியமையா மருந்துகள் எளிதில் கிடைக்க வேண்டுமென்றே 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவர் எழுதித் தந்த மருந்தை முறைப்படி வாங்கி உட்கொள்வது குற்றமன்று. வெட்கப்பட வேண்டியதும் அன்று.

அம்மா இப்போது ஊன்றுகோலின்றி நடக்கிறார். எந்த மருத்துவரிடம் சென்றாலும், நான் கேள்வியை மொழிபெயர்ப்பதற்கு முன்பே, மஞ்சள் பையைத் திறந்து மேசைமீது வைத்துவிடுகிறார்.