கஜானாச் சாவி யார் வசம்?

விண்டோஸ் கம்ப்யூட்டரை வாங்கி அமைக்கையில் முதலில் உண்டாகும் கணக்கு, 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்னும் சர்வாதிகாரக் கணக்கு. நம்மில் அநேகர் குடும்பத்தோடு அதிலேயே குடியேறிவிடுகிறோம். கடிதம் எழுதவும் சினிமாப் பார்க்கவும் கஜானாச் சாவி எதற்கு?

2001-ல் வந்த எக்ஸ்பியில், அக்கணக்கில் திறந்த விஷமப் புரோகிராமுக்கும் முழு அதிகாரம் கிட்டிற்று. 2007-ல் வந்த விஸ்டா, 'அனுமதிக்கலாமா?' என்று கேட்கத் தொடங்கியது. ஆயினும் அட்மினிஸ்ட்ரேட்டர் 'ஆம்' என்று ஒரு முறை அழுத்தினால் போதும். குழந்தைகள் படித்துப் பார்த்தா அழுத்துகிறார்கள்? (பெரியவர்களைப் பற்றிச் சொல்லாதிருப்பதே மரியாதை.) 'ஸ்டாண்டர்டு' கணக்கிலோ அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல்லைக் கேட்கும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் அத்தகைய கணக்கே போதும் என்பதும், அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு பொறுப்புள்ள ஒருவர் வசம் தனியே இருக்கவேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

இதனால் சகல அபாயமும் நீங்கிவிடாது. ஸ்டாண்டர்டு கணக்கில் புகுந்த புரோகிராமும் அக்கணக்குக்குரியவரின் படங்களையும் கடிதங்களையும் பாழாக்க வல்லது. அவற்றிற்குப் பிரதி எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைக்கும் டிஸ்க்கில் காப்பாற்ற வேண்டும்.