கட்டுத்தறியில் வானூர்திகள்

வானூர்தி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது, முந்நூறு பேரைச் சுமந்துகொண்டு கடல் கடக்கும் பெருங்கலமே ஆகும். பயணச்சீட்டு, பாதுகாப்புச் சோதனை, இருக்கை எண் ஆகியவற்றோடு நம் வானூர்தி அறிவு முடிந்துவிடுகிறது. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, இருவர் அல்லது நால்வர் மட்டுமே அமரத்தக்க சிற்றூர்திகளைத் தாமே ஓட்டிச் செல்லும் உரிமம் பெற்றோர் இலட்சக்கணக்கில் உள்ளனர். அவர்களுள் பலர் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களின் இறுதியில் ஓரிடத்தில் கூடுகின்றனர். கூடுவதோடு அமையாமல், தாம் ஓட்டிவந்த ஊர்தியைப் புல்வெளியில் கட்டிவைத்து, அதன் சிறகின் அடியிலேயே கூடாரம் அடித்து ஒரு கிழமை தங்குகின்றனர். அவ்வழக்கம் எவ்வாறு நடைபெறுகிறது, அதன் பின்னுள்ள அறிவியலும் ஒழுங்கும் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அக்கூட்டம் நிகழும் இடம் விஸ்கான்சின் மாநிலத்தில் வின்னபாகோ ஏரிக்கரையில் உள்ள ஓஷ்கோஷ் என்னும் சிறுநகரம். விழாவின் பெயர் ஏர்வெஞ்சர். இதனை நடத்துவது எக்ஸ்பெரிமெண்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்னும் அமைப்பு. சோதனைமுறை வானூர்திக் கழகம் என நாம் அதனைத் தமிழில் வழங்கலாம். 1953ஆம் ஆண்டு சனவரியில் மில்வாக்கி நகரில் பால் போபெரெஸ்னி என்னும் விமானி, தம் கையாலேயே வானூர்தி கட்டும் ஆர்வலர் சிலரைச் சேர்த்து இதனைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே முதற்கூட்டம் சிறு அளவில் நடந்தது. 1959இல் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டுக்கும், 1970இல் ஓஷ்கோஷுக்கும் விழா இடம் மாறியது. ஏர்வெஞ்சர் என்னும் பெயர் 1998இல் வந்தது. பெருந்தொற்றுக் காரணமாக 2020ஆம் ஆண்டு மட்டும் விழா நடைபெறவில்லை. அண்மை ஆண்டுகளில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். ஓஷ்கோஷிலும் சுற்றியுள்ள நிலையங்களிலும் வந்திறங்கும் ஊர்திகள் 10,000க்கும் மிகுதி. அந்த ஒரு கிழமையில் உலகிலேயே மிகுந்த போக்குவரத்தைக் கையாளும் கட்டுப்பாட்டுக் கோபுரம் இந்நகரத்துக் கோபுரமே எனப் பெயர் பெற்றுள்ளது.

பயணம் வீட்டில் தராசோடு தொடங்குகிறது. இவ்வகையில் பெரிதும் வழங்கும் செஸ்னா 172 என்னும் நான்கிருக்கை ஊர்தியை எடுத்துக்கொள்வோம். ஊர்தியின் சொந்த எடை போக அது சுமக்கக்கூடிய எடை ஏறத்தாழ 400 கிலோ. எரிபொருள் தொட்டிகளை நிரப்பினால் அதில் 144 கிலோ போய்விடும். எஞ்சிய 250 கிலோவுக்குள் ஆள்களும் மூட்டைகளும் அடங்கவேண்டும். நான்கு இருக்கை உண்டென்று நான்கு பெரியவர்களை ஏற்றினால் கூடாரத்துக்கு இடமில்லை என்பது மட்டுமன்று, ஊர்தியே வரம்பு கடந்துவிடும். எனவே கூடாரத்தோடு செல்வோர் பெரும்பாலும் இருவராகவே செல்கின்றனர். எடையின் அளவைப் போலவே அது வைக்கப்படும் இடமும் இன்றியமையாதது. பின்புறத்துப் பொருளறையில் 54 கிலோவுக்கு மேல் வைத்தல் ஆகாது. பின்புறம் மிகக் கனத்தால் எடைமையம் பின்னோக்கி நகர்ந்து, ஊர்தியின் மூக்கைத் தாழ்த்தி நிலைப்படுத்துவது கடினமாகும். மாட்டுவண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்குவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். வண்டி தரையில் நிற்கிறது, இறங்கிச் சரிசெய்யலாம். வானில் அதற்கு வழியில்லை.

இனி, ஆயிரக்கணக்கான ஊர்திகள் ஒரே இடத்தை நோக்கி வரும்போது மோதாமல் எவ்வாறு இறங்குகின்றன? ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்க வான்போக்குவரத்துத் துறை இதற்கென்றே ஒரு தனி அறிவிக்கையை வெளியிடுகிறது. பல பக்கங்கள் கொண்ட அதனைப் படித்துத் தேறாமல் எவரும் புறப்படுதல் கூடாது. அதன் சாரம் இது. தென்மேற்கில் ரிப்பன் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து ஃபிஸ்க் என்னும் சிற்றூருக்கு ஓர் இருப்புப் பாதை செல்கிறது. வரும் ஊர்திகள் யாவும் அப்பாதையின் மேலாக, ஒன்றன்பின் ஒன்றாக, அரைக் கடல்மைல் இடைவெளி விட்டுப் பறத்தல் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி உயரம், 90 நாட் வேகம். அஃதாவது மணிக்கு ஏறத்தாழ 167 கிலோமீட்டர். அத்துணை மெதுவாகப் பறக்க இயலாத விரைவூர்திகளுக்கு 2,300 அடி உயரத்தில் 135 நாட் வேகத்தில் மற்றொரு வரிசை உண்டு.

இவ்வெண்களைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 90 நாட் வேகத்தில் அரைக் கடல்மைலைக் கடக்க 20 விநாடி போதும். ஆகவே வரிசை நிறைந்திருக்கும்போது நிமிடத்திற்கு மூன்று ஊர்திகள் ஃபிஸ்க்கைக் கடந்துகொண்டிருக்கும். ஒவ்வொருவரும் வானொலியில் தம் பெயர், எண் கூறி, கட்டளை கேட்டு, விடையிறுக்க 20 விநாடி எங்ஙனம் போதும்? போதாது. அதனால்தான் விமானிகள் வாய்திறவாமல் கேட்டுக்கொண்டு மட்டும் வரவேண்டும் என்பது விதி. தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் தொலைநோக்கியால் பார்த்து, நிறத்தையும் வடிவையும் சொல்லியே அழைக்கின்றனர். சிறகு மேலே அமைந்த வெள்ளை ஊர்தி என்றோ, சிறகு தாழ்ந்த நீல ஊர்தி என்றோ அழைத்து, சிறகசைக்கச் சொல்வர். அழைக்கப்பட்டவர் தம் ஊர்தியை இடமும் வலமும் சாய்த்துக் காட்டுவார். அதுவே விடை. தலையசைத்து இசைவு தெரிவிக்கும் நம் வழக்கத்தோடு இதனை ஒப்பிடத் தோன்றுகிறது.

வரிசையில் முந்துதல் குற்றம். முன்செல்பவரை மிக நெருங்கிவிட்டால் வளைந்து நெளிந்து இடைவெளி உண்டாக்குவதும் கூடாது. வரிசையை விட்டு விலகி, மீண்டும் ரிப்பன் சென்று கடைசியில் சேரவேண்டும். நெரிசல் மிகும்போது ரஷ் ஏரி, கிரீன் ஏரி ஆகியவற்றைச் சுற்றி வட்டமிட்டுக் காத்திருக்கச் செய்வர். 2018ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் ஞாயிறன்று இவ்வேற்பாடு பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. அதற்கு முந்திய நாள்களில் தட்பவெப்பம் சரியில்லாமையால் தயங்கி நின்றவர் அனைவரும் ஒரே வேளையில் வந்து சேர, பலர் நெடுநேரம் வட்டமிட நேர்ந்தது. பலர் வேறு நிலையங்களில் இறங்கினர். அதன் பின்னரே ரிப்பனுக்கு மேற்கே, தொலைவிலேயே வரிசையில் சேர்வதற்குரிய இடங்கள் வகுக்கப்பட்டன. பகலில் காட்சிவழிப் பறப்போர், சேருமிடம் சென்றபின்னும் அரைமணி நேரத்துக்குரிய எரிபொருள் எஞ்சுமாறு புறப்படவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஓஷ்கோஷ் செல்வோர்க்கு அந்த அரைமணி போதாது என்பதே நம் கருத்து.

ஃபிஸ்க்கில் கட்டளை பெற்றவர் தமக்குரிய ஓடுபாதையை நோக்கித் திரும்புகிறார். பொதுவாக ஓர் ஓடுபாதையில் ஒரு வேளையில் ஓர் ஊர்தியே இறங்கும். இங்கோ ஓடுபாதையின் மேல் வெவ்வேறு வண்ணங்களில் பெரும் புள்ளிகள் தீட்டப்பட்டுள்ளன. ஒருவரைப் பச்சைப் புள்ளியில் இறங்குமாறும், பின்வருபவரை வேறொரு நிறப் புள்ளியில் இறங்குமாறும் பணிப்பர். ஒரே பாதையில் இரண்டு மூன்று ஊர்திகள் அடுத்தடுத்துத் தரைதொடும். இதற்கெனத் துறையின் சிறப்பு ஒப்புதல் உண்டு. தமக்குரிய புள்ளியைத் தவறவிட்டு முன்னதாகவோ பின்னதாகவோ இறங்குபவர் பிறருக்கு இடையூறு ஆகிறார். இறங்கிய உடனே பாதையை விட்டுப் புல்தரைக்குத் திரும்பிவிடுதலும் கடமை. ஊர்தியின் முகப்புக் கண்ணாடியில், தாம் தங்கவந்தவரா, நிறுத்திவிட்டுச் செல்பவரா என்பதைக் காட்டும் எழுத்துகள் கொண்ட அட்டையைப் பிடிக்கவேண்டும். அதனைக் கண்ட தொண்டர்கள் கொடியசைத்து, வரிசை வரிசையாக நடத்திச் சென்று நிறுத்துகின்றனர். இத்தொண்டர்கள் ஊதியம் பெறாதவர்கள். விழா முழுமைக்கும் 5,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு பணியாற்றுகின்றனர்.

நின்றவுடன் செய்யவேண்டிய முதற்பணி யாது? கூடாரம் அடிப்பதன்று. ஊர்தியைக் கட்டுவதே முதற்பணி. யானையைத் தறியில் கட்டும் வழக்கம் நாம் அறிந்ததே. அடங்கிய யானையாயினும் தறி வலிதாக இருத்தல் வேண்டும். நிற்கும் வானூர்தியின் நிலையும் அத்தகையதே. எஞ்சின் நின்றுவிட்டால் ஊர்தி பறக்காது என எண்ணுவோர் பலர். சிறகுக்கு எஞ்சினைத் தெரியாது. தன்மேல் பாயும் காற்றை மட்டுமே அது அறியும். ஊர்தி காற்றைக் கிழித்து ஓடினாலும், நிற்கும் ஊர்தியை நோக்கிக் காற்று ஓடிவந்தாலும் சிறகு ஒரே தன்மைத்தாகத் தூக்கு விசையை உண்டாக்கும். அவ்விசை காற்றின் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பழைய பைப்பர் கப் என்னும் இருவரூர்தியின் வெற்றெடை 350 கிலோ அளவே. 35 நாட் வேகத்துக்குக் குறைவாகவே அது பறக்கவல்லது. கோடைக்கால இடிமழையின் முன்னே வீசும் காற்று 50 நாட்டைத் தாண்டுவது அப்பகுதியில் அரிதன்று. அன்றியும், பின்புறத்தில் சிறுசக்கரம் கொண்ட இவ்வகை ஊர்திகள் மூக்கை நிமிர்த்தியே நிற்பவை. சிறகு ஏற்கெனவே காற்றை எதிர்கொள்ளும் கோணத்தில் இருப்பதால் இவற்றுக்கு இடர் மிகுதி.

ஆகவே இரு சிறகுகளிலும் வாலிலுமாக மூன்று இடங்களில் கட்டுகின்றனர். தரையில் அடிக்கும் முளைகளை விமானியே கொண்டுவரவேண்டும். கூடாரத்துக்கு அடிக்கும் சிறுமுளை இங்கு உதவாது. நேராக அடித்த முளை, மழையில் மண் இளகியவுடன் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனவே திருகி இறக்கும் நங்கூரங்களையோ, வெவ்வேறு கோணங்களில் சாய்த்து அடிக்கும் முளைத் தொகுதிகளையோ பயன்படுத்துகின்றனர். கயிற்றிலும் கவனம் தேவை. மணிலா நார்க்கயிறு நனைந்தால் சுருங்கும். இறுகக் கட்டியிருந்தால் அது சிறகையே இழுத்து வருத்தும். நைலான் கயிற்றுக்கு அக்குறை இல்லை. மிகத் தளர்வாகக் கட்டினாலும் கேடே. ஊர்தி துள்ளித் துள்ளி இழுக்கும் ஒவ்வோர் அதிர்விலும் முளை சிறிது சிறிதாக மேலே வரும். இவற்றோடு, சிறகின் அசையும் பகுதிகள் காற்றில் அடித்துக்கொள்ளாவண்ணம் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டை இருக்கைப் பட்டையால் இறுக்கிவைப்பர்.

இது மிகையான அச்சம் அன்று. புளோரிடா மாநிலத்து லேக்லாந்தில் நடைபெறும் இத்தகைய மற்றொரு விழாவில், 2011ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் சூறாவளி புகுந்து, நிறுத்தப்பட்டிருந்த பல ஊர்திகளைக் குப்புறக் கவிழ்த்தது. சரியாகக் கட்டப்படாத ஊர்தி தான் அழிவதோடு நில்லாது, அடுத்த ஊர்தியின் மேல் விழுகிறது. அதன் சிறகடியில் ஒருவர் உறங்கிக்கொண்டிருக்கலாம். நம் முளையை நம்பி அயலார் உறங்குகிறார் என்பதனாலேயே, ஒருவர் கட்டும்போது அண்டை ஊர்தியார் வந்து சரிபார்ப்பதும், சுத்தியல் இல்லாதவர்க்குத் தம்முடையதைத் தருவதும் அங்கே இயல்பாகிவிட்டன. மழை பிறவகையிலும் தொல்லை தரும். 2010ஆம் ஆண்டில் பெருமழையால் புல்வெளி சேறாகி, ஊர்திகளை நிறுத்த இடமின்றி, வந்தவர்களை அண்டை நகரங்களுக்குத் திருப்பிவிட நேர்ந்தது.

கட்டிய பின்னரே கூடாரம். உயர்சிறகு ஊர்தி உடையவர்க்கு நிழல் இலவசமாகக் கிடைக்கிறது. பாசறை என்னும் பழஞ்சொல் போர்க்களத்துத் தங்கிடத்தைக் குறித்தது. இங்குள்ள பாசறையில் பகைவர் இல்லை எனினும் விதிகள் உண்டு. எரிபொருள் நிறைந்த ஊர்திகள் நெருங்கி நிற்பதால் அவற்றருகே புகைபிடித்தல் அறவே கூடாது. பிறருடைய ஊர்தியை இசைவின்றித் தொடுதல் கூடாது. பலவும் உடையவரே ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தம் கொட்டகையில் கட்டியவை. அவ்வாறு கட்டுவதற்கும் ஒரு விதி உள்ளது. பணியின் பெரும்பகுதியைக் கட்டுபவரே கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருத்தல் வேண்டும். ஓர் ஊர்தியின் ஆணி ஆணியாக வினாவினாலும் சலிக்காமல் விடையிறுப்பவர் இவர்கள். பிற்பகலில் வான்சாகசக் காட்சி நடக்கும்போது வரவும் செலவும் நிறுத்தப்படுகின்றன. ஆதலின் பொழுதறிந்து வந்துசேர்தல் வேண்டும்.

விழாவில் உயிரிழப்பு நேர்ந்ததே இல்லை எனக் கூறுவதற்கில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் ஒரே நாளில் நிகழ்ந்த இரு விபத்துகளில் நால்வர் மாண்டனர். ஒன்றில் பழைய பயிற்சியூர்தி ஒன்று ஏரியில் வீழ்ந்தது. மற்றொன்றில் ஹெலிகாப்டரும் சுழல்சிறகு ஊர்தியும் மோதின. எனினும், விழாவுக்கு வருவதைக் காட்டிலும் திரும்பிச் செல்வதே சோதனை மிகுந்தது என்பது நம் எண்ணம். வரும்போது தயங்கினால் ஒரு நாள் காட்சி போகும், அவ்வளவே. திரும்பும்போதோ திங்கட்கிழமை அலுவலகம் நினைவில் நிற்கிறது. உணவு தீர்ந்துவிடுகிறது, கூடாரம் நனைந்துவிடுகிறது. மேகம் தாழ்ந்திருந்தும் புறப்பட்டுவிடலாம் எனத் தோன்றுகிறது. மேகத்துள் புகுந்தால் அடிவானம் மறையும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாதவர், ஊர்தி சாய்ந்திருப்பதையும் நேராக இருப்பதாகவே உணர்வர். காதினுள் உள்ள சமநிலை உறுப்பு அவ்வாறு ஏமாற்றும். ஆகவே, கூடுதலாக இரண்டு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு வருபவரே நல்ல விமானி என்போம்.

புறப்படும் காலையில் தொட்டியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்கவேண்டும். இவ்வூர்திகளின் பெட்ரோலுக்கு நீலச்சாயம் ஊட்டப்பட்டிருக்கும். மழைநீர் புகுந்திருந்தால், எடை மிகுந்த நீர் நிறமற்றதாக அடியில் தங்கித் தெளிவாகத் தெரியும். நீர் முழுதும் நீங்கும்வரை வடிக்கவேண்டும். எஞ்சின் உறைக்குள் பறவை கூடு கட்டியுள்ளதா என்று நோக்குவர். கட்டுப்பாட்டுத் தண்டின் பட்டையை அவிழ்ப்பர். சிறகுக் கயிறுகள் கண்ணெதிரே உள்ளவை, மறப்பதில்லை. வால்கயிறு இருக்கையிலிருந்து கண்ணுக்குப் புலப்படாது. எஞ்சினை முடுக்குமுன் ஊர்தியை ஒருமுறை சுற்றிவந்து, அதனையும் அவிழ்த்தாயிற்றா எனக் கையால் தொட்டுப் பார்த்த பின்னரே ஏறி அமர்கின்றனர்.