பீரோவுக்கு எடுத்த புடவைகள்

போன தீபாவளி முடிந்த வாரம் அம்மாவின் பீரோவை ஒதுங்க வைக்க உட்கார்ந்தேன். மூன்றாவது தட்டிலிருந்து புடவைகளை எடுத்துத் தரையில் வைக்க வைக்க எனக்குப் பேச்சே வரவில்லை. பதினான்கு புடவைகள். அத்தனையும் நாங்கள் மூன்று பிள்ளைகளும் ஆண்டுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தவை. சிலவற்றில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. மடித்த மடிப்பிலேயே பழுப்பேறி, அந்துருண்டை வாசத்தோடு கிடந்தன. அம்மாவோ வெளுத்துப்போன நான்கு வாயில் புடவைகளையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏம்மா இதெல்லாம் கட்டவே இல்ல?"

"கட்டணும்டி. இதக் கட்டிக்கிட்டு நான் எங்க போறேன் சொல்லு."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. மறுநாள் காலை அவர் புடவை கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். இத்தனை வருடத்தில் அப்படிக் கவனித்துப் பார்த்ததில்லை. வயது 72. வலது கட்டைவிரல் கணு வீங்கியிருக்கிறது. கொசுவம் வைக்கையில் மூன்றாவது மடிப்போடு விரல் விட்டுவிடுகிறது. புடவையைக் கட்டில் விளிம்பில் வைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு, மீதி மடிப்பை வைக்கிறார். சரிகை நிறைந்த பட்டென்றால் முக்கால் கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். கஞ்சி முறுக்கோடு இருக்கும் காட்டனோ விறைத்துக்கொண்டு விரலுக்கு அடங்காது. இந்த இரண்டைத்தான் நாங்கள் பதினான்கு வருடமாக எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. பதினான்கில் ஒன்பது புடவைக்கு ஜாக்கெட் தைக்கவில்லை. ஃபால்ஸ் அடிக்கவில்லை. டெய்லர் கடை இருப்பது மாடியில். அம்மாவால் படியேற முடியாது. எங்களிடம் சொல்லவும் மனம் வரவில்லை. புடவைக்கு அவ்வளவு கொடுத்த பிள்ளைகளிடம் தையல் கூலிக்குப் போய் நிற்பதா என்று விட்டுவிட்டார். பெரியவர்களுக்குப் புடவை எடுப்பவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்பேன். ஜாக்கெட் தைத்து, ஃபால்ஸ் அடித்து, ஓரம் மடித்து, கொடுத்த அன்றே கட்டுகிற மாதிரி கொடுங்கள். அளவு ஜாக்கெட் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் புரட்டாசியிலேயே கிளம்ப வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் பாதி டெய்லர் கடைகளில் 'தீபாவளி ஆர்டர் முடிந்தது' என்று அட்டை தொங்கும்.

'எனக்கு எதுக்கு, ஒண்ணும் வேணாம்' என்று சொல்லும் சொந்தம் இல்லாத வீடு இருக்காது. அவர்களுக்கு எடுப்பதுதான் தீபாவளியின் பெரிய வேலை. ரங்கநாதன் தெருவிலும், மதுரை விளக்குத்தூண் பக்கமும் மணிக்கணக்கில் நின்று, கடைசியில் 'எதையாவது எடுத்துட்டுப் போவோம்' என்று ஒரு பையோடு திரும்புகிறோமே, அந்தப் பை பெரும்பாலும் அவர்களுக்கானதுதான். அவர்கள் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கொடுத்தே பழகியவர்கள். வாங்கிக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. கேட்டுக் கேட்டுச் சலிப்பதைவிட, ஒரு நாள் அவர்கள் கை என்ன செய்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

பெரியப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வருடா வருடம் சட்டை எடுத்துக் கொடுப்போம். ஒன்றிரண்டு தடவை போடுவார், அப்புறம் அது கொடியில் வராது. பழைய சட்டையையே காலர் திருப்பித் தைத்துப் போடுகிறார். அவரைக் கொஞ்ச நேரம் கவனித்தபோது காரணம் புரிந்தது. நிமிடத்துக்கொரு தரம் கை பாக்கெட்டுக்குப் போகிறது. மூக்குக் கண்ணாடி கூடோடு, பட்டன் போன், கணக்கு எழுதும் குட்டி நோட்டு, பேனா, மாத்திரை அட்டை. இத்தனையும் பழைய சட்டையின் பாக்கெட்டில் ஆழமாக உட்கார்ந்துவிடும். ரெடிமேட் சட்டையின் பாக்கெட்டோ மேலோட்டம். குனிந்தால் கண்ணாடி கீழே விழும். இரண்டு கண்ணாடி அப்படி உடைந்திருக்கிறது, அவர் எங்களிடம் சொல்லவில்லை.

பெரியம்மாவிடம் சொல்லி அவருடைய பழைய சட்டை ஒன்றை அளவுக்கு வாங்கிப் போனோம். மெல்லிய பருத்தித் துணியில் அதே அளவில் இரண்டு சட்டை, பாக்கெட்டை மட்டும் இரண்டு விரல் ஆழம் கூட்டி, உள்ளே பணத்துக்குத் தனியாக ஓர் உள்பாக்கெட். வேட்டியும் அப்படித்தான். எட்டு முழ வேட்டியை இறுக்கிக் கட்டும் வலு அவர் கையில் இப்போது இல்லை, நழுவிவிடுமோ என்ற பயத்தில் கல்யாண வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டிருந்தார். ஒட்டிக்கொள்ளும் வேட்டி கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. 'அதெல்லாம் சின்னப் பசங்க கட்டுறது' என்று முதலில் மறுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை கட்டிப் பார்த்தார். அடுத்த முகூர்த்தத்துக்கு அவரே முதல் ஆளாகக் கிளம்பி நின்றார்.

சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஸ்வீட் பெட்டிதான். கொஞ்சம் யோசிக்கிறவர்கள் கருப்பட்டியில் செய்தது, நாட்டுச் சர்க்கரையில் செய்தது என்று கொண்டுவருகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். 'இது ஒண்ணும் பண்ணாது' என்று தட்டை நீட்டுவது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. இனிப்பே கண்ணில் காட்டக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அவர் கோவில்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த ஊர்க் கடலை மிட்டாயில் ஒரு சின்னத் துண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு, சித்தி கையால் உடைத்துக் கொடுத்தால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ கலவை இனிப்பு அந்த மலர்ச்சியைக் கொண்டுவராது.

அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது செருப்பு. நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. சின்னப் புண் பெரிய புண்ணான பிறகுதான் கவனிப்பார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கடைக்காரர்களுக்கே தெரியும். உள்ளங்காலுக்கு மெத்தென்ற ரப்பர் அடியும், குதிகாலுக்குப் பின்னால் பட்டையும் வைத்தது. குத்துமதிப்பாக எண் சொல்லி வாங்கக் கூடாது. ஆளைக் கூட்டிப்போய் மாலை நேரத்தில் அளவு பாருங்கள், அப்போதுதான் பகலெல்லாம் நடந்த காலின் வீக்கமும் கணக்கில் வரும். பண்டிகை நாளில் செருப்பு கொடுப்பதைச் சில வீடுகளில் நல்லதாக நினைப்பதில்லை. அதனால் நாங்கள் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கிக் கொடுத்துவிட்டோம். தீபாவளியன்று தட்டில் வைத்தது ஒரு துண்டும் வெற்றிலை பாக்கும்தான்.

வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானுக்கு என்ன கொடுப்பது என்று பலர் மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். இதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டியதில்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பணமாகக் கொடுத்துவிடலாம். சம்பந்தி வீட்டுச் சீர் வேறு கதை. அதில் ஆள் விருப்பத்துக்கு இடம் கொஞ்சம்தான்.

பணம் என்றதும் அப்பத்தா நினைவுக்கு வருகிறார். 86 வயது. பல் இல்லை, சேலை வேண்டாம், சாப்பாடும் கைப்பிடிதான். நாங்கள் கவரில் இரண்டாயிரம் ரூபாய் வைத்துக் கொடுப்போம். நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 'நீயே பத்திரமா வச்சிரு' என்று என் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு தடவை அவர் சுருக்குப் பையை அவிழ்த்து, அதில் இருந்த சில்லறையை எண்ணி எண்ணி, கொள்ளுப்பேரன்கள் ஐந்து பேருக்கும் போதவில்லை என்று மறுபடி முடிந்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஐந்நூறு ரூபாயை உடைக்கக் கடைக்குப் போக அவரால் ஆகாது. யாரிடமாவது கொடுத்து உடைத்து வரச் சொன்னால் 'உனக்கு எதுக்கு அப்பத்தா சில்லறை?' என்று கேள்வி வரும்.

அடுத்த தீபாவளிக்கு வங்கியில் கேட்டு ஐம்பது ரூபாய் நோட்டாக நாற்பது வாங்கினேன், எல்லாம் புதுசு. அதே இரண்டாயிரம்தான். கட்டைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். அன்றைக்கெல்லாம் திண்ணையை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. விழுந்து கும்பிட்ட பிள்ளைகளுக்கு, பூக்காரம்மாவுக்கு, பால் ஊற்றுகிறவருக்கு, தெரு பெருக்க வந்த அம்மாவுக்கு என்று ஒவ்வொரு நோட்டாக உருவி, விபூதி பூசிக் கொடுத்தார். சாயங்காலம் பையைத் தடவிப் பார்த்து, "இன்னும் ஆறு இருக்குடி. கோயிலுக்கு ஆச்சு," என்றார். இத்தனை வருடம் அவரை வெறும் கையோடு உட்கார வைத்திருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

கடைசியாக அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 38 வயதில் மாமாவை இழந்தவர். இப்போது 61. இருபத்து மூன்று தீபாவளிக்கும் எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போன புடவைகளின் நிறம் எனக்கு நன்றாகத் தெரியும். சந்தனம், சாம்பல், வெளிர் நீலம், மறுபடி சந்தனம். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. கடைக்காரரிடம் 'லைட் கலர் காட்டுங்க' என்று சொல்லும்போதே அது அத்தைக்கு என்று எல்லோருக்கும் தெரியும். 'அவளுக்கு எது கொடுத்தாலும் முகம் மாறாது, என்ன பிடிக்கும்னே தெரியாது' என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வார்.

போன தீபாவளிக்கு அவரையே கடைக்குக் கூட்டிப் போனேன். எனக்கு எடுக்க வேண்டும், துணைக்கு வாருங்கள் என்றுதான் சொன்னேன். சுங்குடிப் புடவைகளைப் பிரித்துப் போட்டார்கள். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை அது. துணியைப் பொடியாகக் கிள்ளி, நூலால் சுற்றி இறுக்கி, ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் அந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இப்போது கடைகளில் இருப்பதில் பெரும்பாலானவை அச்சுப் புள்ளிகள். முடிச்சுப் போட்டதைத் தொட்டால் தெரியும், புள்ளிகள் லேசாகப் புடைத்து விரலில் நெருடும்.

அத்தையின் கை நேராக ஒரு அரக்குச் சிவப்பில் போய் விழுந்தது. உள்ளங்கையை விரித்து அந்தப் புள்ளிகளின் மேல் மெதுவாக ஒரு தரம் தடவினார். பிறகு சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, "இது உனக்கு எடுப்பா இருக்கும்," என்றார்.

"எனக்கு வேண்டாம் அத்தை. உங்களுக்குத்தான்."

"எனக்கு எதுக்குமா இந்த வயசுல? நாலு பேர் பார்த்தா..."

முடிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அதை மடிக்கச் சொல்லி, ஜாக்கெட்டுக்கும் துணி எடுத்து, அத்தைக்குத் தைக்கும் டெய்லரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். தீபாவளியன்று அத்தை அதைக் கட்டவில்லை. சாம்பல் நிறத்தில்தான் வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

கார்த்திகை பிறந்து பத்து நாள் இருக்கும், போனில் கூப்பிட்டார். ரேஷன் கடையில் கூட்டம், மழை, பேரனுக்குச் சளி என்று ஊர்க்கதையெல்லாம் பேசினார். வைக்கப்போகும் நேரத்தில், "அந்தச் சிவப்புப் புடவைய முதல்ல உப்புத் தண்ணியில நனைச்சு எடுத்தேன்," என்றார். "ரெண்டு தடவை துவைச்சாச்சும்மா. சாயம் போகல."