பாதைக்குப் பெயர் வைத்தது யார்?

அருப்புக்கோட்டையில் நின்று வழி கேட்டால் திருச்சுழி ரோடு, பந்தல்குடி ரோடு என்று கை காட்டுவார்கள். போய்ச் சேரும் ஊரே சாலைக்குப் பெயர். கிராமங்களுக்குள் இறங்கினால் கண்மாய்க்கரைப் பாதை, ஓடைப் பாதை, வண்டிப் பாதை. தண்ணீரும் மாட்டு வண்டியும் வைத்த இந்தப் பெயர்கள் யாரையும் தாழ்த்துவதில்லை.

குடியிருப்புக்குள் நுழைந்ததும் தெருப் பெயரோடு சாதி ஒட்டிக்கொள்கிறது. தலித் மக்கள் வாழும் பகுதி 'காலனி' ஆகிறது. அங்கே போகும் பாதை 'காலனி ரோடு'. வேலைக்கு மனுப் போடும் பிள்ளையின் முகவரியே அதன் சாதியைச் சொல்லிவிடுகிறது.

தெருவில் நடக்கும் உரிமையே போராடிப் பெற்றதுதான். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்று 1924 ஆகஸ்டில் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். செப்டம்பரில் அது அரசாணையானது. தெருப் பெயர்களில் உள்ள சாதியை நீக்க 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஆணை வந்தது. ஆனாலும் பல ஊர்களில் பெயர்ப் பலகை மாறவில்லை.

பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் மாவட்டம் 1997இல் பார்த்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு சூட்டியது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது; உயிர்கள் போயின. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்த தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்படித்தான். ஒரு தலித் வீரரின் பெயரை ஏற்க மறுத்ததற்கு எல்லாத் தலைவர்களின் பெயரும் விலையானது.

2025 ஏப்ரல் 29இல், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில், ஊர், தெரு, சாலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. வரவேற்கலாம். ஆனால் புதுப் பெயரை யார் முடிவு செய்வது? அந்தத் தெருவில் வாழ்பவர்களைக் கேட்காமல் ஒரு பூவின் பெயரை எழுதிவிட்டுப் போனால், மறுபடியும் வேறு யாரோ நமக்குப் பெயர் வைத்ததாகத்தான் ஆகும்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மாணவர்களே, உங்கள் தெருவுக்கு முன்பு என்ன பெயர் இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கண்மாயோ, மரமோ, மண்ணில் உழைத்த ஒரு பாட்டியோ அதில் இருக்கலாம். தெருவே கூடிப் பேசி, நீங்கள் விரும்பும் பெயரைத் தீர்மானமாகக் கிராம சபையில் வையுங்கள். அதே கூட்டத்தில் மயானப் பாதையையும், மழைக்குச் சேறாகும் தெருவையும் கேளுங்கள். பெயர் மாறும்போது பாதையும் மாற வேண்டும்.