மாத்திரையும் அரை ஆயுட்காலமும்

மனச்சோர்வு நோய்க்காக மருத்துவர் தந்த மாத்திரையை ஓராண்டாக உண்டுவந்தார் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர். மனம் தேறியது. "இனி மாத்திரை எதற்கு?" என்று ஒரு நாள் தாமாகவே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் தலைசுற்றல், குமட்டல், காரணமற்ற எரிச்சல். தலைக்குள் மின்சாரம் சுளீரெனப் பாய்வது போன்ற உணர்வு வேறு! பழைய நோய் திரும்பிவிட்டதென வீட்டார் கலங்கினர். நோய் திரும்பவில்லை, மருந்து திடீரென விலகியதன் விளைவே அது என்றார் மருத்துவர். இவ்வாறு நிகழ்வது ஏன்?

கதிரியக்கத் தனிமங்களின் அரை ஆயுட்காலம் பற்றிப் படித்திருப்பீர்கள். இரத்தத்திலுள்ள மருந்தும் ஏறக்குறைய அவ்விதிப்படியே குறைகிறது. பராக்சட்டின் என்னும் மருந்தின் அரை ஆயுட்காலம் சுமார் 21 மணி. அதாவது 21 மணியில் பாதி, 42 மணியில் கால், 63 மணியில் அரைக்கால், 84 மணியில் வீசம் பாகமே மிஞ்சும். ஃபுளுவாக்சட்டினோ மெல்ல வெளியேறுவது. தொடர்ந்து உண்டவர் உடலில் அதன் அரை ஆயுட்காலம் 4 முதல் 6 நாட்கள். ஆகவே அதனை நிறுத்தும்போது தொல்லை பொதுவாகக் குறைவு; தோன்றினாலும் தாமதமாகவே தோன்றும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்டு குறைக்கலாமா? பராக்சட்டினைப் பொறுத்தவரை 48 மணியில் மருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இது படியிறங்குவதன்று, ஏறி ஏறி விழுவதாகும்.

இனி, இன்னொரு கணக்கு. நரம்பணுக்கள் செரட்டோனின் என்ற பொருளை வெளியிட்டு, ஒரு புரதத்தின் வழியே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இம்மருந்துகள் அப்புரதத்தை அடைத்து நிற்கின்றன. நெடுநாள் இதற்குப் பழகிய மூளை பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் வேண்டும். சிட்டாலோபிராம் என்னும் மருந்தைப் பாருங்கள். 40 மில்லிகிராம் உண்டால் அப்புரதத்தில் சுமார் 86 விழுக்காடு அடைபடுகிறது. 20 மில்லிகிராமில் 80. ஐந்தரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக உண்டாலும் 60! கூட்டம் நிறைந்த பேருந்தில், நிற்பவர்கள் இறங்கினால் இருக்கை காலியாவதில்லை. அமர்ந்தவர் எழுந்தால்தான் காலியாகும். அதுபோல, 40-இலிருந்து 20-க்கு இறங்கும்போது அடைப்பு 6 விழுக்காடே குறைகிறது. 20-இலிருந்து ஒரேயடியாக நிறுத்தினாலோ 80 விழுக்காடும் போய்விடும். எனவே கடைசிப் படிகள் மிகச் சிறியனவாக இருக்க வேண்டும் என்று 2019-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் ஹொரோவிட்ஸ், டெய்லர் ஆகிய இருவர் விளக்கினர். சில மருந்துகள் திரவ வடிவிலும் கிடைப்பதால் சிறு அளவுகளை அளந்து தர இயலும்.

மருந்தை மாற்றுவதிலும் இக்கணக்கு உண்டு. ஃபுளுவாக்சட்டினை நிறுத்தியபின், மோனோஅமின் ஆக்சிடேஸ் தடுப்பிகள் என்னும் பழைய வகை மருந்தைத் தொடங்க 5 வாரங்களேனும் காத்திருக்க வேண்டும். இரண்டும் உடலில் கலந்தால் செரட்டோனின் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எத்தனை வாரம், எத்தனை படி என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை மருத்துவரே வகுக்க வேண்டும். நிறுத்திய சில நாட்களிலேயே தலைசுற்றலும் மின்னதிர்வு உணர்வும் தோன்றினால் அது பெரும்பாலும் மருந்து விலகலின் அடையாளம். மனச்சோர்வு மீள்வது பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்தே. எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிரை வெறுக்கும் எண்ணம் எழுந்தால் அன்றே செல்லுங்கள்.

அந்த இளைஞர் மாத்திரையை மீண்டும் தொடங்கி, மருத்துவர் சொற்படி பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். விலகலை நோயென்று எண்ணியிருந்தால், தேவையில்லாமல் இன்னும் பல ஆண்டுகள் அதை உண்டிருப்பார்.